நாப்பதாயிரம் ரூவா பட்டர்: ஆத்தங்குடி கல்லுல நாலு மாசம், கொடைக்கானல்ல மூணு ரவுண்டு

மொதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், இது கோல்ஃப் பட்டர், அதாவது பந்த குழிக்குள்ள உருட்டி விடுற கட்டை, அது பத்தின ரிவ்யூ. பெட்டி வந்த அன்னிக்கி எங்க ஆத்தா "என்னடா அது"ன்னு கேட்டாக, பட்டர்னு சொன்னேன், "கோயில் பட்டரா, ரொட்டிக்குத் தடவுற பட்டரா"ன்னு கேட்டுட்டு, வெலையக் கேட்டதும் ரெண்டும் இல்லன்னு அவுகளே முடிவு பண்ணிட்டாக. அதுல இருந்து வீட்டுல இதுக்கு பேரு "நாப்பதாயிரம்". "அந்த நாப்பதாயிரத்த முகப்புல போட்டு வச்சிருக்கான் பாரு, காலு தட்டிரப் போகுது".

வாங்குனது ஜீரோ டார்க் ஜாதி, அதாவது ஆட்டும்போது தல தானா திரும்பாத பட்டர். கம்பெனி பேர வேணும்னேதான் விடுறேன், ஏன்னா இப்ப பெரிய கம்பெனி எல்லாமே இதுல ஒண்ணு போட்டுட்டாங்க, நான் சொல்லப்போறது முக்காவாசி எல்லாத்துக்கும் பொருந்தும். இந்த வகைய பிரபலமாக்குனது எல்.ஏ.பி.ங்கிற அமெரிக்க கம்பெனி. 2023ல லூகாஸ் க்ளோவர் அவங்க பட்டர வச்சு அடுத்தடுத்து ரெண்டு டோர்னமெண்ட் ஜெயிச்சாரு, அதுக்கு முன்னாடி பல வருஷமா சின்ன பட், அதாவது குழிக்குக் கிட்ட இருந்து உருட்டுறது, அது அடிக்கவே கை நடுங்குன மனுசன் அவரு. அப்பறம் 2025 யு.எஸ். ஓப்பன், ஓக்மாண்ட் மைதானம், கடைசி ஹோல்ல ஜே.ஜே. ஸ்பான் 64 அடி தூரத்துல இருந்து உருட்டி உள்ள விட்டாரு பாருங்க, அதுவும் இந்த ஜாதி பட்டர்தான். அத நான் காலையில பல் வெளக்கிக்கிட்டே போன்ல பாத்தேன். அன்னிக்கே சிங்கப்பூர்ல இருக்குற அம்மான் மகனுக்கு மெசேஜ் போட்டுட்டேன். புத்தி அப்படி.

அதுவரைக்கும் நான் வச்சிருந்தது எங்க ஐயா மலேயாவுல கொண்டுவிக்கப் போயிட்டுத் திரும்பயில கொண்டாந்த பித்தளத் தல பட்டர். அங்க தொரைமாரு கிளப்புல யாரோ குடுத்ததோ, ஏலத்துல எடுத்ததோ, பெட்டகத்துக்குள்ள கெடந்துச்சு. ஒரு தடவ முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைக்காரர் அத பாத்துட்டு, நல்ல பித்தள, கைத்தடி முனைய எதுக்குங்க இப்படி மடக்கி வச்சிருக்காகன்னு கேட்டாரு. ஒல்லியான பிளேடு, அடிச்சா "டிங்"குனு ஒரு சத்தம். பிங்ங்கிற கம்பெனிக்குப் பேரு வந்ததே அப்படிதான், கார்ஸ்டன் சோல்ஹைம் 1959ல செஞ்ச மொத பட்டர் பந்துல பட்டதும் அந்த சத்தம் வந்துச்சாம். நம்ம பித்தள சத்தம் அதுக்குக் கொறஞ்சதில்ல, வளவுக்குள்ள, அதாவது உள் முத்தத்தச் சுத்தி இருக்குற எடத்துல, அடிச்சா ரெண்டாங்கட்டு வரைக்கும் கேக்கும்.

காரைக்குடியில கோல்ஃபா, கோர்ஸ் எங்கடா இருக்குன்னு கேப்பீங்க. இல்ல. நாங்க நாலு பேரு, நான், எங்க அயித்தான், தேவகோட்டையில ஒரு டாக்டர், லீவுல வரும்போது அம்மான் மகன். மாசத்துக்கு ஒருக்கா, சில சமயம் ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வெள்ளன கெளம்பி மதுர வழியா கொடைக்கானல் போயிருவோம். 1895ல ஆரம்பிச்ச கிளப்பு, காட்டெரும குறுக்க போனா நின்னு வழிவிட்டு அடிக்கணும். மத்த நாளெல்லாம் வீட்டு வளவுல பட்டிங் மட்டும். அதனால என் ரிவ்யூ எல்லாம் ஆத்தங்குடி கல்லுல எழுதுன ரிவ்யூதான், புல்லுல கம்மி. இத மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

ஆனா ஒண்ணு, பட்டர் சோதிக்கிறதுக்கு ஆத்தங்குடி கல்ல விட நல்ல எடம் எனக்குத் தெரிஞ்சு இல்ல. கண்ணாடி மேல கலரக் கலந்து ஊத்தி, மேல மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணியில ஊறப்போட்டு காயவைக்கிற கல்லு, சூளையே கெடையாது. எங்க வீட்டுல இருக்குறது பத்து இஞ்சு கல்லு. அப்ப ஏழு கல்லு தாண்டி கொஞ்சம் போனா ஆறடி, பன்னெண்டு கல்லு சரியா பத்தடி. டேப்பு வேணாம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல இருக்குற கோடே நேர்கோடு, பந்து கோட்ட விட்டு வெலகுனா எவ்வளவு வெலகுச்சுன்னு பூவ வச்சே சொல்லிடலாம். பிரச்சன என்னன்னா வெறும் கல்லுல பந்து நிக்கவே நிக்காது, நூறு வருசமா தேச்சுத் தேச்சு கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு, மொத நாள் அடிச்ச பந்து ரெண்டாங்கட்டுல ஆத்தா காய வச்சிருந்த வத்தலுக்கு நடுவுல போயி உக்காந்துச்சு. கோரப்பாய் விரிச்சுப் பாத்தோம், தடதடன்னு துள்ளிக்கிட்டு போகுது. கடைசியில பவானி ஜமுக்காளம். அது ஏறக்குறைய கிரீன், அதாவது குழியச் சுத்தி ஒட்ட வெட்டுன புல்லு, அது மாதிரியே ஓடுது, அதோட கோடு போற பக்கமே பந்தும் லேசா சாயும், பெர்முடா புல்லுல புல்லு சாஞ்ச பக்கத்த கிரெய்ன்னு சொல்லுவாங்கல்ல அந்த மாதிரி. அதுபோக எங்க வளவுப் பத்தி, கழுவி விடுற தண்ணி வாசலுக்கு எறங்கணும்னு ஒரு சின்ன சாய்வு வச்சுத்தான் கட்டியிருக்கு. கெழக்கு மேக்கா அடிச்சா பிரேக், அதாவது பந்து வளைஞ்சு போறது, உண்டு. கட்டுன கொத்தனாருக்கு கோடி புண்ணியம்.

ஹோல் அளவு 108 மில்லிமீட்டர், அதுக்கு ஒரு வட்டம் சாக்பீஸ்ல. நூத்தியெட்டுன்னதும் ஆத்தா "அப்ப பிள்ளையார்பட்டியில தேங்காய ஒடச்சிட்டு அடி, உள்ள போகும்"னாக. ஒடைக்கல. அது தப்புதான் போல.

சரி, பட்டருக்கு வருவோம். இது என்ன பண்ணுது, சாதா பட்டர் என்ன பண்ணுது. உங்க பழைய பட்டரோட தண்ட ஒத்த வெரல்ல படுக்க வச்சு பேலன்ஸ் பண்ணிப் பாருங்க. பிளேடு பட்டரா இருந்தா முனை கீழ தொங்கும், அதுக்கு டோ ஹேங்னு பேரு. மேலட்டுல, அதாவது பெரிய தல வச்ச பட்டர்ல, பல மாடல்ல முகம் மேல கூரையப் பாக்கும், ஃபேஸ் பேலன்ஸ்டு. ரெண்டுலயும் தலையோட எடை தண்டு போற கோட்டுல இல்ல, தள்ளி இருக்கு, அதனால கையில புடிச்சு ஆட்டும்போது தல தானா திரும்பப் பாக்குது, அத நம்ம கை தெரிஞ்சோ தெரியாமலோ புடிச்சு நிறுத்துது. ஜீரோ டார்க்குல தண்டு போற கோடு தலையோட எடை மையத்து வழியாவே போகுது. எங்கிட்ட இருக்கிறத வெரல்ல வச்சு எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் திருப்புன எடத்துலயே நிக்குது. மொத தடவ பாக்கும்போது வித்த மாதிரி இருக்கும், அயித்தான் பத்து நிமிசம் அதையே பண்ணிக்கிட்டு இருந்தாக.

முகம் திரும்பாம இருக்குறது ஏன் முக்கியம்னா, பந்து எந்தத் திசையில கெளம்புதுங்கிறதுல 80 சதவீதத்துக்கு மேல பட்டர் முகம் எங்க பாக்குதுங்கிறதுதான், கை எந்தப் பக்கம் போச்சுங்கிறது மிச்சம்தான். நம்ம கல்லுக் கணக்குல சொல்றேன். முகம் ஒரே ஒரு டிகிரி தப்புனா ஆறடியில பந்து ஒண்ணேகால் இஞ்சு வெலகும், அது உள்ள போயிரும். ரெண்டு டிகிரி தப்புனா ரெண்டரை இஞ்சு, அவ்வளவுதான், வெளிய. ஹோலோட பாதி ரெண்டு இஞ்சுக்கு கொஞ்சம் மேல. பத்தடியிலன்னா ஒரு டிகிரி தப்புனாலே பந்து ஓரத்துல நக்கிட்டு நிக்கும். ரெண்டு டிகிரிங்கிறது கண்ணுக்கே தெரியாது. இதுக்குத்தான் நாப்பதாயிரம்.

பாக்க எப்படி இருக்கும்? அசிங்கமா இருக்கும். மேல இருந்து பாத்தா இட்லித் தட்ட பாதியா வெட்டுன மாதிரி, அடியில திருப்புனா வரிசையா எடைக்கு ஸ்க்ரூ, குழிப்பணியாரச் சட்டியேதான். சத்தமும் இல்ல, "தொப்பு"ங்குது, பித்தளையோட டிங் கேட்டுப் பழகுனவனுக்கு பந்து பட்டுச்சா இல்லையான்னே சந்தேகம். இன்னொன்னு, சாதா பட்டர்ல முகம் தண்டுக்குக் கொஞ்சம் பின்னாடி இருக்கும், இதுல தண்டு பின்னாடி எறங்கி முகம் முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கு. ஒரு வாரம் கண்ணு ஒத்துக்கவே இல்ல. அதோட மொத வாரம் எல்லாப் பந்தும் வலப்பக்கம். காரணம் யோசிச்சா புரியும், இத்தன வருசமா பித்தளத் தல தானா மூடிக்கிட்டு வரும்னு என் கை பழகியிருக்கு, இது மூடாது, விட்ட எடத்துலயே நிக்குது, அப்ப தெறந்த மொகத்தோட போயி அடிக்குது. ஆறடியில பழைய பட்டர்ல அம்பதுக்கு முப்பது போட்டுக்கிட்டு இருந்தவன் இதுல இருவத்திநாலு. கையில புடிக்கிறத தளர்த்தி, ஒண்ணும் பண்ணாம சும்மா ஆட்டுனா போதும்னு புரிய ரெண்டு வாரம் ஆச்சு. ஒண்ணும் பண்ணாம இருக்குறதுதான் எவ்வளவு கஷ்டம்னு அப்பதான் தெரிஞ்சுச்சு. புரிஞ்ச பொறகு நாப்பது. பொய் இல்ல, நாப்பது, மறுநாளும் முப்பத்தெட்டு.

அதோட விட்டிருக்கலாம். விடல.

அம்மான் மகன் கடையில இருந்த 35 இஞ்ச் ஸ்டாண்டர்டு பீஸ தூக்கிட்டு வந்துட்டான், அளவு கிளவு எடுக்கல, நானும் கேக்கல. நான் அஞ்சடி நாலு இஞ்சு. நின்னு புடிச்சா பட்டரோட முனை தரையில இருந்து தூக்கிக்கிட்டு நிக்குது, அடியில ரெண்டு ரூவா காசு நாலஞ்ச அடுக்கி நுழைக்கலாம். இந்த ஜாதி பட்டர்ல லை ஆங்கிள், அதாவது தண்டு தரையோட நிக்கிற சாய்வு, அது ஆளுக்கு ஏத்த மாதிரி இருக்கணும்னு செய்யிறவங்களே கரடியா கத்துறாங்க. எல்.ஏ.பி.ங்கிற பேருலயே முத எழுத்து ரெண்டும் அதுதான், லை ஆங்கிள். நான் என்ன பண்ணேன், ஒன்றரை இஞ்சு வெட்டிட்டா கிட்ட நின்னு அடிக்கலாம், முனை எறங்கிரும்னு கணக்குப் போட்டு நேரா நம்ம பக்கத்து லேத் பட்டறைக்கு கொண்டு போயிட்டேன். பட்டறைக்காரர் தங்கமான மனுசன், அவரு மேல ஒரு தப்பும் இல்ல, கிரிப்ப, அதாவது கைப்பிடி ரப்பர, கம்ப்ரஸர் காத்து அடிச்சு அழகா கழட்டி, தண்ட பிசிறில்லாம வெட்டி, திருப்பி மாட்டியும் குடுத்துட்டாரு, அம்பது ரூவாதான் வாங்குனாரு, டீயும் வாங்கிக் குடுத்தாரு.

ஆனா பட்டருக்கு மட்டும் கிரிப்பு வட்டமா இல்லாம முன்பக்கம் தட்டையா இருக்கலாம்னு ரூல்ல அனுமதி உண்டு. அதுலயும் என் பட்டர்ல வந்த கிரிப்புல தண்டு போற ஓட்ட நேரா இல்ல, ரெண்டு டிகிரி வாக்குல சாய்ச்சு வச்சிருக்காங்க, கைய கொஞ்சம் முன்னாடி தள்ளிப் புடிக்கிறதுக்காக. அத மாட்டும்போது தட்டையான பக்கம் மொகத்தோட ஒரே நேருல இருக்கணும். இருந்ததா? இல்ல. ஒரு மயிரிழை திரும்பி இருந்துச்சு. எனக்குத் தெரியாது. கட்ட வெரல் தட்டையில வச்சுப் புடிக்கிறோம், கை நேரா இருக்குன்னு நெனைக்கிறோம், முகம் எங்கயோ பாக்குது. நாப்பது போட்டவன் இருவத்திரெண்டு. ஒரு வாரம் என் ஸ்ட்ரோக்க திட்டுனேன், ஜமுக்காளத்த திட்டுனேன், ராத்திரி தூக்கம் கெட்டுப் போச்சு. டாக்டர்தான் வந்து புடிச்சுப் பாத்துட்டு "யோவ் கிரிப்பு கோணலா இருக்குய்யா"ன்னாரு. ரெண்டு செகண்டு. அதுக்கப்பறம் கிரிப்ப கழட்டி, கல்லுக் கோட்டுல மொகத்த ஒட்ட வச்சு, தட்டப் பக்கத்த இன்னொரு கோட்டுக்கு நேரா பாத்து நானே மாட்டுனேன். ஆத்தங்குடிக்காரங்களுக்கு இது எதுக்குன்னு தெரியாமலே செஞ்ச ஜிக், அதாவது நேர் பாக்குற அச்சு.

வெட்டுனதுல இன்னொரு நட்டம், தண்டு கொறஞ்சா தல எடை கையில லேசா தெரியும். எனக்கு அது பரவால்ல. ஆனா தூரமா அடிக்கும்போது தெரியுது, அத கடைசியா சொல்றேன்.

மத்தவங்க என்ன சொன்னாங்கன்னா, அயித்தானுக்கு வயசு அறுவத்தெட்டு, ரெண்டு மூணு வருசமா நாலடி பட்டுன்னாலே கை வெட்டுது, பந்துகிட்ட வந்ததும் ஒரு துடிப்பு. அவுக ஆறடிக்கு மேல ஒசரம், அதனால வெட்டுறதுக்கு முன்னாடி அந்த 35 இஞ்ச்ச அடிச்சுப் பாத்தாக. வளவுல முப்பது பந்து அடிச்சுட்டு ஒண்ணும் சொல்லல, திண்ணையில போயி உக்காந்துட்டாக. கொஞ்ச நேரம் கழிச்சு "தம்பி, கை வெட்டுது, ஆனா பந்து நேராத்தான் போகுது"ன்னாக. இதுக்கு மேல ஒரு ரிவ்யூ வேணுமா தெரியல. கை நடுங்குறத இது நிறுத்தல, நடுங்குனாலும் முகம் ரொம்பத் திரும்பல, அவ்வளவுதான் விசயம்.

டாக்டருக்குப் பிடிக்கல. அவரு நல்லா பட் பண்றவரு, வெரல்ல தல எடைய உணர்ந்து அடிக்கிற ஆளு, இதுல எனக்கு ஒண்ணுமே தெரியல, கையுறை போட்டுக்கிட்டு நாடி பாக்குற மாதிரி இருக்குன்னாரு. அம்மான் மகன் அங்க சிங்கப்பூர்ல வேகமான கிரீன்ல வேற ஒரு கம்பெனியோட இதே ஜாதிய வாடகைக்கு எடுத்து ரெண்டு ரவுண்டு ஆடிட்டு, சின்ன பட்டுக்கு ஓகே, பெருசுக்கு பழசே தேவலன்னு விட்டுட்டான். இதத்தான் எனக்கு வாங்கிக் குடுக்குறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கணும்.

இப்ப கொடைக்கானல். மூணு ரவுண்டு. மொத ரவுண்டு காலையில பனி, கிரீன் ஈரம், அடிச்சது எல்லாம் பாதியில நின்னுச்சு, அத பட்டர் மேல போட முடியாது. ரெண்டாவதுலயும் மூணாவதுலயும் காஞ்ச கிரீன். அஞ்சடிக்குள்ள இருந்த பட்டு ரெண்டு ரவுண்டுலயும் சேத்து தவற விட்டது மூணே மூணுதான், என் ஆட்டத்துக்கு அது நடக்காத காரியம், அதுல ஒண்ணு காட்டெரும கொளம்புப் பள்ளத்துல தட்டிப் போனது. அதையும் சரி பண்ணிக்கிட்டு அடிச்சிருக்கலாம், 2019 ரூல்ல இருந்து கிரீன் மேல மிருகம் மிதிச்ச தடத்தத் தட்டிச் சரி பண்ணலாம், ஷூ ஆணி (ஸ்பைக்) தடத்தையும் பண்ணலாம், எனக்கு ஞாபகம் வந்தது அடுத்த ஹோல்ல. ஆனா முப்பது நாப்பது அடி பட்டு இருக்கே, அங்கதான் அழுக. ஒண்ணு எட்டடி முன்னாடியே நிக்கும், இன்னொன்னு ஏழடி தாண்டிப் போகும். பித்தளையில அடிச்சா அந்த டிங் சத்தத்துலயே எவ்வளவு தூரம் போகும்னு காதுக்குத் தெரிஞ்சிரும். இதுல தொப்புன்னு ஒரே சத்தம்தான், பத்தடிக்கும் அதான், நாப்பதடிக்கும் அதான். கைக்கும் தெரியல காதுக்கும் தெரியல, நான் வெட்டி தலைய வேற லேசாக்கி வச்சிருக்கேன். பதினெட்டு ஹோல்ல அஞ்சு ஹோல்ல மூணு மூணு பட். வளவுல பன்னெண்டு கல்லுக்கு மேல எடம் இல்லாததால இது வீட்டுல தெரியவே இல்ல, இதான் கல்லுல ரிவ்யூ எழுதுறதுல இருக்குற கோளாறு.

ஸ்பான் 64 அடி உள்ள விட்டாருன்னா அது அவரு கை. பட்டர் திசைய குடுக்கும், தூரத்த குடுக்காது. கடையில இத யாரும் சொல்ல மாட்டாங்க.

அதனால இப்ப நான் என்ன பண்றேன்னா சிரிக்காதீங்க, ரெண்டு பட்டர் கொண்டு போறேன். பையில பதினாலு கிளப்புக்கு, அதாவது கட்டைக்கு, மேல கூடாது, அதுல ரெண்டு பட்டரா இருக்கலாம், எவனும் கேக்க முடியாது. எப்பவுமே சரியா அடிக்காத நாலாம் நம்பர் அயர்ன வீட்டுலயே வச்சுட்டேன். இருவது அடிக்கு மேலன்னா ஐயாவோட பித்தள, உள்ளன்னா நாப்பதாயிரம். பை தூக்கிட்டு வர்ற கேடி (caddie) ஒருத்தரு ரெண்டையும் மாத்தி மாத்தி குடுத்துக்கிட்டே வந்தாரு, பதினோராவது ஹோல்ல "சார், மூணாவது ஒண்ணு கார்ல இருக்கா"ன்னாரு.

வாங்கலாமான்னு கேட்டா, நாலடி அஞ்சடியில கை நடுங்குறவங்க, வலது இடதுன்னு தாறுமாறா போறவங்க கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம், ஆனா ஒசரம், நிக்கிற விதம், லை ஆங்கிள் அளந்துட்டு வாங்குங்க, நான் பண்ண மாதிரி சிங்கப்பூர் பெட்டிக்குள்ள வர்றத வாங்காதீங்க. ஏற்கனவே நல்லா பட் பண்றவங்க, கையால உணர்ந்து அடிக்கிறவங்க அடுத்தவன் பட்டர ஒரு ரவுண்டு கடன் வாங்கி ஆடிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. பட்டர் தலைக்கு மாட்டுற கவர்ல இருக்குற காந்தம் நாலு மாசத்துல லூசாயிருச்சு, அது ஒரு சின்ன எரிச்சல், சொல்லிட்டேன்.

அயித்தானுக்கு ஒண்ணு சொல்லியாச்சு. போன ஞாயித்துக்கெழம வளவுல நிக்க வச்சு, கல்லுக் கோட்டுல கால வைக்கச் சொல்லி, பழைய மரச் சட்டத்துல கோணம் வரைஞ்சு டாக்டரும் நானும் அளந்தோம், 36 இஞ்சு, லை 72 டிகிரி. துண்டுச் சீட்டுல எழுதி போட்டோ எடுத்து அம்மான் மகனுக்கு அனுப்பிட்டோம், தீபாவளிக்கு வரும்போது கொண்டு வர்றேன்னிருக்கான். இந்தத் தடவ லேத் பட்டறைக்கு வேலை இல்ல. ஆத்தாகிட்ட மட்டும் இன்னும் சொல்லல.